பின்காற்றில்தான் பின்பக்கம் வலிக்கிறது

17-11-2024, ஞாயிறு, பகல்
(வேளச்சேரித் தம்பி கேட்டது)

ஆறு மாசமா சைக்கிள் ஓட்டுறேன் அண்ணா. திருவான்மியூர்ல ஆரம்பிச்சு கோவளம் போய்த் திரும்ப ஏறக்குறைய 50 கி.மீ. 35 தாண்டினதும் உட்கார முடியல. ஜெல் கவர் வாங்கி மாட்டினேன், இன்னும் மோசம். பெரிய அகலமான சீட் போட்டா சரியாகுமா? டிசம்பர் கடைசியில பாண்டி போகணும்னு பிளான்.

17-11-2024, இரவு

முதல் வேலையாக அந்த ஜெல் கவரைக் கழற்றுங்கள். மெத்தையாக இருந்தால் வலிக்காது என்று நம்பி நானும் 600 ரூபாய் அழுதவன்தான்.

நாம் உட்காருவது சதையின் மேல் இல்லை. இடுப்புக்குக் கீழே இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றன, பாரம் அந்த இரண்டிலும்தான் இறங்க வேண்டும். சீட் கெட்டியாக இருந்தால் இறங்கும். மெத்தையாக இருந்தால் எலும்பு உள்ளே அமிழ்ந்துவிடும். நடுவில் இருக்கிற மெத்தை மேலே பிதுங்கி, அழுத்தமே கூடாத இடத்தில் அழுத்தும். நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற இடம் அது. அரை மணியில் மரத்துப்போகும்.

அகலமான சீட் யாருக்கு? எங்கள் அப்பாவின் ஹெர்குலிஸில் ஸ்பிரிங் வைத்த அகலச் சீட் இருந்தது. அவர் நெட்டுக்குத்தாக உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டி, ரேஷன் கடைக்கும் மில்லுக்கும் போனார். உடம்பின் எடை முழுக்க சீட்டில். தம்பி ஓட்டுவது வளைந்த ஹேண்டில்பார் வண்டி. அதில் குனிகிறோம், எடை கைக்கும் காலுக்கும் பிரிகிறது. அங்கே அகலச் சீட் போட்டால் ஒவ்வொரு மிதிக்கும் தொடை உரசும்.

அளவு பார்க்க ஒரு வழி. டிவி வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வெட்டி, கெட்டியான படிக்கட்டில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து முழங்காலை லேசாக மேலே இழுங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் தெரியும். நடுவுக்கு நடு அளந்து 2 செ.மீ. சேர்த்தால் உங்கள் சீட் அகலம் கிட்டத்தட்ட வந்துவிடும். எனக்கு 12 வந்தது, 14-ல் ஓட்டுகிறேன்.

18-11-2024

விட்டுப்போனது. பஞ்சு வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக்கூடாது. அதன் தையல்தான் உரசும். நான் ஒரு வருஷம் போட்டுக்கொண்டு ஓட்டினேன். யாரும் சொல்லவில்லை. யாரும் எப்படிச் சொல்வார்கள்?

24-11-2024, ஞாயிறு

இன்று மாமல்லபுரம். கானத்தூரில் தூறல் பிடித்தது, முட்டுக்காடு பாலத்தில் வெளுத்து வாங்கியது. இது மழைக்காலம், குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் சில விஷயம்.

நனைந்த ஷார்ட்ஸோடு 60 கி.மீ. ஓட்டினால் தொடையிடுக்கு தோல் உரிந்துவிடும். கிளம்பும்போதே வாசலின் தடவியிருக்க வேண்டும். நான் தேங்காய் எண்ணெய்தான் தடவுவேன், செலவும் குறைவு.

ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு, பாலத்து இரும்பு இணைப்பு, வேகத்தடையின் மஞ்சள் பெயிண்ட்: மூன்றும் மழையில் சோப்பு. நீண்ட வெயிலுக்குப் பிறகு வருகிற முதல் பத்து நிமிட மழை இன்னும் மோசம், ரோட்டில் கிடக்கிற எண்ணெயெல்லாம் மிதந்து வரும். ரிம்மைப் பிடிக்கிற பிரேக் வைத்தவர்கள் கொஞ்சம் முன்னாலேயே பிடியுங்கள். முதல் இரண்டு சுற்று தண்ணீரைத் துடைக்கவே போய்விடும்.

இடி இடித்தால் பனைமரத்தடி வேண்டாம். ரப்பர் டயர் காப்பாற்றும் என்று யாரோ சொன்னதை நம்பி ஓட்டிக்கொண்டே போகவும் வேண்டாம். கான்கிரீட் கூரை தேடுங்கள். இன்று எனக்குக் கிடைத்தது ஒரு கல்யாண மண்டபத்துப் போர்ட்டிகோ. உள்ளே கெட்டிமேளம், வெளியே நான் பஞ்சு ஷார்ட்ஸில் சொட்டச் சொட்ட. ஒரு பாட்டி வெளியே வந்து பார்த்துவிட்டு, காபி அனுப்பிவைத்தார்.

இன்னொன்றும் கவனித்தேன். தெற்கே போகும்போது வாடைக்காற்று முதுகில் தள்ளியது. மணிக்கு 30-ல் பறந்தேன். பின்பக்கம் வலித்தது. திரும்பும்போது முகத்தில் காற்று, 19-ஐத் தாண்டவில்லை, வலி இல்லை. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? யோசித்து எழுதுகிறேன்.

25-11-2024

யோசித்தேன். பெடலை அழுத்தி மிதிக்கும்போது உடம்பின் எடையில் ஒரு பங்கைக் காலே தாங்குகிறது. எதிர்க்காற்றில் அழுத்தம் கூடும், சீட்டில் பாரம் குறையும். பின்காற்றில் கால் சும்மா சுற்றும், முழுப் பாரமும் சீட்டில். சொகுசுதான் வலி.

ஒருவர் கேட்டிருக்கிறார், "போகும்போது தள்ளுகிற காற்று, வரும்போது தடுக்கிறது, கூட்டிக்கழித்தால் சமம்தானே?" சமமில்லை. கோவளம் 25 கி.மீ. என்று வைப்போம். காற்றில்லாமல் மணிக்கு 25-ல் போக ஒரு மணி, வர ஒரு மணி. காற்றால் போகும்போது 30, வரும்போது 20 என்றால், போக 50 நிமிடம், வர 75 நிமிடம். பத்து நிமிடம் லாபம், பதினைந்து நிமிடம் நஷ்டம். மெதுவாகப் போகிற பக்கத்தில்தான் அதிக நேரம் இருக்கிறோம். போதாததற்கு, காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்கு. நாம் 20-ல் போய், காற்று 15-ல் எதிரே வந்தால், உடம்புக்கு அது 35.

அதனால் காற்று பலமாக இருக்கிற நாளில் முதலில் எதிர்க்காற்றில் போங்கள், களைத்தபின் தள்ளிக்கொண்டு வரும். நவம்பர், டிசம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இது நடக்காது, காற்று வடகிழக்கு, நாமோ தெற்கே போகிறோம். வேண்டுமென்றால் பழவேற்காடு பக்கம் போய்ப் பாருங்கள்.

26-11-2024

பக்கக்காற்று பற்றிக் கேட்டதற்கு. திரும்பி வடக்கே வரும்போது காற்று வலப்புறம் முன்னாலிருந்து அடிக்கும். நம்மை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவோம். ஒரு பஸ் வலப்புறமாக முந்தும்போது காற்றை ஒரு நொடி அடைத்துவிடும். சாய்ந்த உடம்பு சாய்ந்தபடியே பஸ் பக்கம் போகும். பஸ் போனதும் காற்று திரும்ப வந்து மணலுக்குத் தள்ளும். சவுக்குத் தோப்பு முடிந்து உப்பங்கழி திறக்கிற இடங்களிலும் இதே கதை. பின்னால் பெரிய வண்டிச் சத்தம் கேட்டால் ஹேண்டில்பாரைக் கீழே பிடித்து, முழங்கையைத் தளர்த்துங்கள். இறுக்கிப் பிடித்தால்தான் ஆட்டம்.

30-11-2024, சனி

புயல். ஏர்போர்ட்டையே மூடிவிட்டார்கள். ஹாலில் டிரெய்னரில், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்கவைக்கிற ஸ்டாண்டில், வண்டியை மாட்டி ஓட்டினேன். நாற்பது நிமிடம் தாங்கவில்லை, அதே சீட், அதே ஷார்ட்ஸ். ரோட்டில் சிக்னலுக்கு இறங்குகிறோம், பள்ளத்துக்கு எழுகிறோம், வண்டி இப்படியும் அப்படியும் ஆடுகிறது. இங்கே நட்டுவைத்த மாதிரி. அப்படியானால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்து மிதி எழுந்து நின்று மிதித்தால் பாதி வலி போகும். தம்பி, இதை முதலில் செய்து பாருங்கள், காசில்லாத வைத்தியம்.

மனைவி சொன்னது: "ஊரே வெள்ளம்னு பயந்துகிட்டிருக்கு, நீங்க ஹால்ல எங்க போறீங்க?"

8-12-2024, ஞாயிறு

தேங்காய் எண்ணெய் பற்றி ஒருவர் திருத்தியிருக்கிறார். சரிதான். தோலுக்குக் கெடுதலில்லை, ஆனால் பஞ்சில் ஊறி, துவைத்தாலும் போகாமல், காறல் வாடை. என் ஷார்ட்ஸை முகர்ந்து பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன். வாசலினும் துணியில் ஒட்டும், ஆனால் நாறாது.

தோல் சீட் பற்றியும் கேட்கிறார்கள். வைத்திருந்தேன். முதல் 500 கி.மீ. பலகை. பிறகு எலும்பு உட்கார்ந்த இடம் பள்ளமாகி, அது போல சுகம் வேறெதிலும் இல்லை. 2015 டிசம்பரில் அதை மூடாமல் பால்கனியில் விட்டேன். நனைந்து ஊறியதை நல்லெண்ணம் கொண்டு வெயிலில் காயவைத்தேன். ஊஞ்சல் மாதிரி தொங்கிவிட்டது. அடியில் இருக்கிற திருகைத் திருகி இழுத்தால் கொஞ்சம் விறைக்கும், ஆனால் அந்த நிலையில் திருகினால் ஆணி வைத்த இடத்தில் கிழியும். கிழிந்தது. குற்றம் முழுக்க என்னுடையது. சென்னைக்காரர்கள் வாங்கினால் மழைக்கு மட்டுமில்லாமல் வியர்வைக்கும் சேர்த்து யோசியுங்கள்.

செயின்: கடற்காற்றில் இரண்டே நாளில் துரு. மழையில் ஓட்டினால் அன்றே துடைத்து எண்ணெய் விடுங்கள். சீட் தண்டும் உள்ளேயே பிடித்துக்கொள்ளும், அதையும் கழற்றி கிரீஸ் தடவிப் போடுங்கள். நான் நவம்பர் நடுவில் செய்தேன்.

30-12-2024, திங்கள்

பாண்டி கதை. நீளம்.

28-ஆம் தேதி அதிகாலை 4 மணிக்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்பினோம், நானும் வேளச்சேரித் தம்பியும் இன்னும் இருவரும். அங்கிருந்து பாண்டி ஏறத்தாழ 145 கி.மீ. வாடை தள்ளியது. மாமல்லபுரத்தில் விடியவில்லை. அதற்குத் தெற்கே சாலையை அகலப்படுத்துகிற வேலை, சில இடத்தில் ஜல்லி. ஒருவருக்குப் பஞ்சர், கல்பாக்கம் தாண்டி இட்லி.

பாலாற்றைக் கடந்தபின் நான் தம்பிக்குப் பின்னால் வந்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவருடைய இடுப்பு ஒவ்வொரு மிதிக்கும் இடம் வலம் என்று தராசு மாதிரி ஆடுகிறது. சீட் உயரம்! பெடல் கீழே போகும்போது கால் எட்டாமல் இடுப்பை இறக்கி எட்டுகிறார். ஒரு மணிக்கு நாலாயிரம், ஐயாயிரம் தடவை உரசினால் எந்தச் சீட்டும் வலிக்காமல் என்ன செய்யும்? ஒன்றரை மாதமாக அட்டை, வாசலின் என்று அளந்துகொண்டிருக்கிறேன், ஒருநாள் அவர் பின்னால் ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

கடப்பாக்கத்தில் டீக்கடை அக்காவிடம் சீனி தூக்கலாக நாலு டீ சொல்லிவிட்டு, அவரைச் சுவரில் சாய்ந்து உட்காரவைத்தேன். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக வர வேண்டும், இடுப்பு நகரக்கூடாது. அவருக்கு எட்டவில்லை. ஒன்றரை செ.மீ. இறக்கினோம். சீட் மூக்கு வேறு வானத்தைப் பார்த்தது, மட்டப்படுத்தினோம். அக்கா பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மாதிரி பண்றீங்களே" என்றார்.

மரக்காணம் உப்பளத்தில் ஒதுங்க ஒரு மரமில்லை, காற்று விசில் அடித்தது, நமக்குப் பின்னால் என்பதால் கவலையில்லை. நவம்பர் புயல் கரை கடந்தது இந்தப் பக்கம்தான். பாண்டியில் ஒரே நாளில் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான மழை கொட்டியது. ஒரு மாதமாகியும் பள்ளத்து வயல்களில் தண்ணீர், சாய்ந்த மரங்களை வெட்டி ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். அங்கே நிறுத்தி நிழற்படம் எடுக்கக் கூச்சமாக இருந்தது, எடுக்கவில்லை.

பதினொன்றரைக்குப் பாண்டி. தம்பிக்குக் கடைசி 50 கி.மீ.யில் வலி பாதிதானாம். எனக்கு நல்ல வலி. முழங்கால் முன்பக்கமும். வயது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் திரும்பினோம். அதாவது திரும்ப முயன்றோம். மணிக்கு 14, 15. காற்றுக்குப் பயந்து குனிந்து கீழ்ப்பிடியில் ஓட்ட, ஒரு மணியில் முன்பக்கம் மரத்துவிட்டது. ஆக 25-11 அன்று நான் எழுதியது பாதி உண்மை. எதிர்க்காற்றில் பின்பக்கத்துப் பாரம் குறைகிறது, சரி. ஆனால் குனியக் குனிய இடுப்பு முன்னால் உருண்டு, பாரம் எலும்பை விட்டு சீட்டின் மூக்குப் பக்கம் போகிறது. நடுவில் பள்ளம் வெட்டிய சீட் இதற்குத்தான். மரத்துப்போவதை வலி மாதிரி பொறுத்துக்கொள்ளாதீர்கள், எழுந்து நில்லுங்கள், இல்லையென்றால் இறங்குங்கள்.

மரக்காணத்தில் இறங்கினோம். ஒரு குட்டியானையைப் பிடித்து, நாலு சைக்கிளையும் கருவாட்டுக் கூடைகளோடு ஏற்றி வந்தோம். என் ஜெர்சியில் கருவாட்டு நாற்றம் இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை. தேங்காய் எண்ணெயே தேவலாம்.

5-1-2025, ஞாயிறு

மானம் போன கதை.

தம்பி நேற்று இரண்டு படம் அனுப்பினார். ஒன்று போன வருஷம் நான் முட்டுக்காட்டில் நின்றது, இன்னொன்று பாண்டியில். "அண்ணா, உங்க சீட் தண்டுல இருக்கிற எழுத்து பழைய படத்துல முழுசா தெரியுது. இதுல பாதி உள்ள போயிடுச்சே?"

அளந்தேன். என் உள்கால் அளவு (கவட்டிலிருந்து தரை வரை) 80 செ.மீ. அதை 0.883-ஆல் பெருக்குகிற பழைய கணக்கு ஒன்று உண்டு. பெடல் தண்டுகள் சுற்றுகிற நடு அச்சிலிருந்து சீட் மேல்வரை 70.6 வர வேண்டும். முன்பு அப்படித்தான் வைத்திருந்தேன். இப்போது 69.5. நவம்பரில் கிரீஸ் போட்டு மாட்டியபோது திருகைச் சரியாக இறுக்கவில்லை. பள்ளத்துக்குப் பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஆறேழு வாரத்தில் 11 மி.மீ. சீட் தாழ்ந்தால் முழங்கால் அதிகம் மடங்கும், முன்பக்கம் வலிக்கும், கால் நீளாததால் பாரம் சீட்டில் தேங்கும். எனக்கு இருந்தது அத்தனையும் அதுதான்.

அவருக்கு உயரம் கூடுதல், எனக்குக் குறைவு. அவர் பின்னால் போய் நான் கண்டுபிடித்தேன், என் பின்னால் வந்தவர்கள் காற்றுக்கு ஒளிந்துகொள்ள மட்டும் வந்திருக்கிறார்கள்.

ஆகவே நவம்பர் 24 முதல் நான் எழுதிய வலி சமாசாரத்தையெல்லாம் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். பின்காற்று ஆராய்ச்சி உட்பட. திருகை இறுக்கியபின் திரும்ப ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். தண்டில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிவிட்டேன், இறங்கினால் டேப் சுருங்கிக் காட்டிக்கொடுக்கும்.

12-1-2025

ஓட்டிப் பார்த்தேன், கோவளம். முழங்கால் வலி போயிற்று. பின்காற்றில் பின்பக்கம் இன்னும் வலிக்கிறது, ஆனால் குறைவாக. தலைப்பை மாற்ற மாட்டேன்.

9-2-2025, ஞாயிறு

பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. பெண்களுக்கு எந்தச் சீட் என்று ஒரு சகோதரி கேட்டதற்கு மட்டும். பெண்களுக்கென்று விற்கிற சீட் எல்லாம் அகலமும் குட்டையும். பொதுவாகப் பெண்களின் இருக்கை எலும்பு இடைவெளி சற்று அதிகம் என்பது உண்மை, ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். அட்டையில் உட்கார்ந்து அளந்துவிட்டு வாங்குங்கள், இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

1991-க்குப் பிறகு புதுக்கோட்டையில் எழுத்தறிவு சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாட்டில் பார் வைத்த ஆண்கள் வண்டியையே ஓட்டினார்கள். குழந்தையை பாரில் உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. எங்கள் சித்தி அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. சீட் வலித்ததா என்று போனில் கேட்டேன். "சீட்டா? எட்டினாத்தானே உட்காருறதுக்கு. பாதி நாள் குரங்குப் பெடல்தான்" என்றார். தண்ணீர்க் குடம் இரண்டு கட்டி ஓட்டியவரிடம் ஜெல் கவர் பற்றிப் பேச வாய் வரவில்லை.

4-5-2025, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் இன்று தொடக்கம். "வெயிலுக்கு முன்னாலேயே 4 மணிக்குப் போனால் போதும்தானே" என்கிறவர்களுக்கு: வெயில் இல்லை, சரி. ஆனால் ஈரப்பதம் விடியற்காலையில்தான் உச்சம், 80-க்கு மேல். வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. இன்று கோவளம் போவதற்குள் ஷூவுக்குள் சளக் சளக். ஷார்ட்ஸ் மழையில் நனைந்த மாதிரியே, அதே உரசல். மழைக்குச் சொன்ன வாசலின் மே மாதத்துக்கும் பொருந்தும்.

வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் தலை கிறுகிறுக்கும். ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டி. வயிற்றுப்போக்குக்குச் சொல்கிற அதே கரைசல்தான், ஒரு பாட்டிலில் அது, இன்னொன்றில் வெறும் தண்ணீர். திரும்பும்போது பதநீர் கிடைத்தால் விடாதீர்கள். உடல் சூடேறி வியர்வை நின்று சிலிர்க்க ஆரம்பித்தால் அன்றைக்கு முடிந்தது, நிழலில் படுத்து ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

காற்று திரும்பிவிட்டது. போகும்போது தென்றல் முகத்தில், வரும்போது முதுகில். தம்பி இப்போது நூறு கி.மீ. ஓட்டுகிறார், அடுத்த சீசனில் 200 கி.மீ. பி.ஆர்.எம்.முக்குப் பேர் கொடுக்கப் போகிறாராம், கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம் அது, பதின்மூன்றரை மணி நேரக் கெடு. டேப் நகரவில்லை.

அந்த ஜெல் கவர் எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி தன் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிட்டார். அவர் அதைப் பிளாஸ்டிக் நாற்காலியில் மாட்டியிருக்கிறார். ராத்திரி முழுக்க உட்கார்ந்தும் வலியே இல்லையாம்.